குண்டு விழுந்த தூரம் வரை: தேவனாம்பட்டினம் கோட்டைக்கும் நம் பாராமகாலுக்கும் என்ன உறவு?

பெண்ணைக்கரை (காவேரிப்பட்டணம்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். போன வாரம் மச்சினர் மகள் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு கடலூர் போயிருந்தோம். காலையிலேயே முகூர்த்தம், பத்து மணிக்குள் பந்தியும் முடிந்துவிட்டது. வேன் மாலையில்தான் கிளம்பும் என்றார்கள். நான் மட்டும் ஒரு ஆட்டோ பிடித்து தேவனாம்பட்டினம் போனேன். கர்நாடகப் போர்கள் பாடத்தில் படித்த புனித டேவிட் கோட்டை அங்கேதான் இருக்கிறது என்பது மட்டும் நினைவில் இருந்தது.

வழியில் 'குண்டு சாலை' என்று கடைப் பலகைகளில் எழுதியிருந்தது. ஆட்டோ ஓட்டிய பெரியவரிடம் கேட்டேன். "பீரங்கிக் குண்டு சார். வெள்ளைக்காரன் கோட்டையை வாங்கும்போது சுட்டது" என்றார். வாங்கும்போது எதற்குச் சுட வேண்டும் என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

கோட்டை இருந்த இடத்தில் பார்க்கக் கிடைத்தது கொஞ்சம்தான். கடிலம் ஆற்று முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், மரம் செடிகளுக்கு நடுவே செங்கல் சுவரின் மிச்சங்கள். இது மதில், இது கொத்தளம், இது வாசல் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. கொஞ்ச தூரத்தில் சில்வர் பீச்சில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். அவர்களில் எத்தனை பேருக்கு இங்கே ஒரு கோட்டை இருந்தது தெரியும் என்று நினைத்தபோது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது.

நம் கிருஷ்ணகிரி மலைக்கோட்டையும் போரைப் பார்த்ததுதான். இருந்தாலும் சையத் பாஷா மலையில் மதில் வளைந்து வளைந்து மேலே ஏறுவது இன்றைக்கும் ஊருக்குள் இருந்தே தெரிகிறது. கடற்கரைக் கோட்டைக்கு மட்டும் ஏன் இந்தக் கதி? கப்பலில் இருந்து அடித்து உடைத்துவிட்டார்களா? திரும்பும்போது திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, செங்கம், சிங்காரப்பேட்டை, ஊத்தங்கரை என்று வேன் வந்தது. செஞ்சியைத் தாண்டும்போது இன்னொரு கேள்வியும் வந்தது. தேவனாம்பட்டினம் கோட்டைக்கும் நம் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துக்கும் (பழைய பாராமகால்) ஏதாவது சம்பந்தம் உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

துர்கம் (ராயக்கோட்டை) எழுதியது:

அண்ணா, அந்தக் கோட்டையை உடைத்தது திப்பு சுல்தான் என்று எங்கோ படித்த ஞாபகம். அது உண்மையானால் அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை என்பேன். நம் துணியையும் வரியையும் கப்பலில் ஏற்றுவதற்காகக் கட்டிக்கொண்ட கோட்டை அது. ராயக்கோட்டை துர்கத்துக்கு மாதம் ஒரு முறையாவது ஏறுகிறேன். இடிந்த சுவர்களில் பெயர் கிறுக்கி வைத்திருக்கிறார்கள், சுனையில் பிளாஸ்டிக் பாட்டில் மிதக்கிறது. முதலில் நம் கோட்டைகளைப் பற்றிப் பேசுவோம் என்பது என் கருத்து.

ஊத்தங்கரை டீச்சர் எழுதியது:

தம்பி, உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் உடைத்தது திப்பு இல்லை. அந்தக் கோட்டையை வெடிவைத்துத் தகர்த்தது பிரெஞ்சுக்காரர்கள், 1758இல். திப்பு பிறந்தது 1750 வாக்கில். அப்போது அவர் ஏழெட்டு வயதுப் பையன்.

பெண்ணைக்கரை சார் கேட்ட குண்டு விஷயத்தில் இருந்து தொடங்குகிறேன். முப்பது வருடம் வரலாறு நடத்தியவள் நான். பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் போய்விடும் இந்தக் கோட்டையைப் பற்றிப் பேச எனக்கு இப்போதுதான் ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. கொஞ்சம் நீளமாகவே எழுதிவிடுகிறேன்.

அங்கே முதலில் இருந்தது உள்ளூர் வணிகர் ஒருவர் கட்டிய சிறிய கோட்டை. 1677இல் சிவாஜி தெற்கே வந்து செஞ்சியைப் பிடித்தபோது அந்தக் கடற்கரையும் மராட்டியர் கைக்குப் போனது. சிவாஜிக்குப் பிறகு அவர் மகன் ராஜாராம், ஔரங்கசீப்பின் படைக்குத் தப்பி 1689இல் செஞ்சிக்கு வந்து சேர்ந்தார். பின்னாலேயே முகலாயப் படையும் வந்துகொண்டிருந்தது. முற்றுகையைத் தாங்கப் பணம் வேண்டும். அந்த நெருக்கடியில்தான் 1690இல் தேவனாம்பட்டினம் கோட்டை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்கப்பட்டது. அப்போது சென்னையில் கம்பெனியின் ஆளுநர் எலிஹு யேல். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் இருக்கிறதே, அது இவர் பெயர்தான். அவருடைய குடும்பம் வேல்ஸைச் சேர்ந்தது. வேல்ஸ் நாட்டின் காவல் புனிதர் டேவிட். கோட்டைக்கு அந்தப் பெயர் வந்தது.

இப்போது குண்டு. கோட்டையோடு சுற்றியுள்ள நிலமும் விற்பனையில் சேர்த்தி. எவ்வளவு நிலம்? கோட்டையில் இருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அவ்வளவு. இதுதான் ஒப்பந்தம். கம்பெனிக்காரர்கள் சென்னையில் இருந்து நல்ல பீரங்கியையும் கைதேர்ந்த பீரங்கிக்காரரையும் வரவழைத்தார்கள். 1690 செப்டம்பரில் பல திசைகளிலும் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் இருந்த ஊர்கள் எல்லாம் கம்பெனிக்குச் சொந்தமாயின. கடலூர் நகரமும் அதற்குள் வந்துவிட்டது. அவற்றுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

நிலத்தை அளக்கக் கோல் இருந்தது, கயிறு இருந்தது, நன்செய் புன்செய்க் கணக்கு இருந்தது. எதுவுமே இல்லாமல் பீரங்கியால் அளந்து எடுத்துக்கொண்டார்கள். அந்த ஊர்களில் உழுதுகொண்டிருந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்தப் பாடம் நடத்தும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனத்துப்போகும்.

கடலூர் முதுநகர் (இப்போது ஓசூர்) எழுதியது:

டீச்சர், எங்கள் ஊர்க் கதையை ஊத்தங்கரையில் இருந்து நீங்கள் எழுதிப் படிக்கும்போது கண் கலங்கிவிட்டது. வேலைக்காக ஓசூர் வந்து பதினாலு வருடம் ஆகிறது. நான் பிறந்து வளர்ந்தது முதுநகர், நாங்கள் ஓ.டி. (ஓல்டு டவுன்) என்றுதான் சொல்வோம்.

குண்டு உப்பலவாடி என்று ஓர் ஊர் இன்றைக்கும் இருக்கிறது. தாழங்குடாவுக்குப் பக்கம். பெண்ணைக்கரை அண்ணா, உங்களுக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன்: உங்கள் காவேரிப்பட்டணத்தைத் தொட்டு ஓடுகிற தென்பெண்ணை கடலில் கலப்பது அந்தத் தாழங்குடா பக்கத்தில்தான். கே.ஆர்.பி. அணை, சாத்தனூர் அணை எல்லாம் தாண்டி வந்து, குண்டு விழுந்த ஊர்களை நனைத்துவிட்டுத்தான் கடலுக்குள் போகிறது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஊத்தங்கரை மூழ்கியது அல்லவா, அதற்கு அடுத்த நாட்களில் அதே ஆற்று வெள்ளம் எங்கள் கடலூர்ப் பக்கம் வீடுகளுக்குள் வந்தது. நான் இங்கே ஊத்தங்கரைச் செய்தியைப் பார்த்துவிட்டு அங்கே அம்மாவுக்குப் போன் செய்து சாமான்களை மேலே ஏற்றச் சொன்னேன்.

கோட்டை பற்றி நாங்கள் சின்ன வயதில் கேட்டதெல்லாம் சுரங்கப்பாதைக் கதைதான். உள்ளே இறங்கினால் புதுச்சேரிக்குப் போகலாம் என்பார்கள், செஞ்சிக்குப் போகலாம் என்பார்கள். பையன்கள் சேர்ந்து ஒருமுறை ஒரு பொந்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்தோம். வௌவால் நாற்றம் தாங்காமல் வெளியே வந்துவிட்டோம். ஆனால் செங்கல் வைத்து வளைவாகக் கட்டியது போல் ஏதோ இருந்தது நிச்சயம். அது உண்மையில் என்ன டீச்சர்?

சுனாமி அன்று, 2004இல், தேவனாம்பட்டினத்தில் எத்தனையோ பேர் போனார்கள். அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் அதிகம் போவதில்லை.

பெண்ணைக்கரை (காவேரிப்பட்டணம்) எழுதியது:

தம்பி, தாழங்குடா விஷயம் எனக்குத் தெரியாது. தினமும் ஆற்றுப் பாலத்தைத் தாண்டித்தான் மண்டிக்குப் போகிறேன். இனி அந்தத் தண்ணீரைப் பார்க்கும்போது வேறு மாதிரித்தான் இருக்கும். நன்றி.

சுரங்கப்பாதைக் கதை இங்கேயும் உண்டு. கிருஷ்ணகிரிக் கோட்டையில் இருந்து ராயக்கோட்டைக்குச் சுரங்கம் என்று எங்கள் தாத்தா அடித்துச் சொல்வார். முழுக்கக் கருங்கல் மலை, எப்படிக் குடைந்திருப்பார்கள் என்று அவரிடம் கேட்கத் தோன்றவில்லை.

ஊத்தங்கரை டீச்சர் எழுதியது:

செஞ்சிக்கும் புதுச்சேரிக்கும் சுரங்கம் என்பது கட்டுக்கதை. ஆனால் தேவனாம்பட்டினத்தில் நிலத்தடிப் பாதை இருந்தது உண்மை. தம்பி பார்த்த செங்கல் வளைவு அதன் பகுதியாக இருக்கலாம்.

அகழிக்கு வெளியே, எதிரி மறைந்து நிற்க இடம் இல்லாதபடி மண்ணைச் சரிவாகக் கொட்டி வைப்பார்கள். அந்தச் சரிவுக்கு அடியில் கோட்டையைச் சுற்றிலும் ஒரு பாதை ஓடியது. அதில் இருந்து கிளைப் பாதைகளும் பிரிந்தன. தப்பித்துப் போவதற்காகக் கட்டியது அல்ல அது. முற்றுகை போடுகிறவர்கள் மதிலுக்கு அடியில் சுரங்கம் தோண்டி வெடிமருந்து வைப்பார்கள். உள்ளே இருப்பவர்கள் இந்தப் பாதையில் இறங்கி மண்ணில் காது வைத்து மண்வெட்டிச் சத்தத்தைக் கேட்பார்கள். சத்தம் வரும் பக்கம் எதிர்ச் சுரங்கம் தோண்டி, தோண்டுகிறவர்களையே வெடி வைத்து மூடிவிடுவார்கள். கடற்கரை மணலில் கட்டிய கோட்டைக்கு இந்தப் பயம் எப்போதும் உண்டு. பாறை மேல் நிற்கும் கிருஷ்ணகிரிக்கு இந்தக் கவலையே இல்லை, அதனால் அங்கே இப்படி ஒன்றைக் கட்டவேண்டிய தேவையும் இல்லை.

அடுத்து, அந்தக் கோட்டை ஏன் பெரிதாயிற்று என்பது. 1746 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி லபூர்தொனே கப்பல்களோடு வந்து சென்னையைப் பிடித்துவிட்டார். கம்பெனியின் இளம் எழுத்தர் ஒருவர் மாறுவேடம் போட்டுக்கொண்டு சென்னையில் இருந்து தப்பித் தேவனாம்பட்டினம் வந்து சேர்ந்தார். அவர்தான் ராபர்ட் கிளைவ். பேனாவை வைத்துவிட்டுப் படையில் சேர்ந்தது இங்கே வந்த பிறகுதான். சென்னை போய்விட்டதால் தென்னிந்தியாவில் ஆங்கிலேயருக்குத் தலைமையிடம் இந்தச் சின்னக் கோட்டை ஆயிற்று. சென்னை திரும்பக் கிடைத்த பிறகும் 1752 வரை அப்படியே நீடித்தது. 1746 டிசம்பரில் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளே அனுப்பிய படை வந்து அடித்தது, முடியவில்லை. 1748 தொடக்கத்தில் ஆங்கிலேயப் படைத்தளபதி ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் வந்து இங்கேதான் பொறுப்பேற்றார். இந்தியச் சிப்பாய்களை ஒழுங்கான படையாக மாற்றிய வேலை அவர் காலத்தில் தொடங்கியது. 1756இல் கிளைவே இங்கே ஆளுநராக வந்தார். அவர் பொறுப்பேற்ற அதே ஜூன் மாதத்தில்தான் கல்கத்தா வங்காள நவாபிடம் விழுந்தது. அவர் வங்காளத்துக்குப் போனார், பிளாசிப் போர் நடந்தது. அவர் திரும்பிப் பார்க்கக்கூட நேரம் இல்லாமல், இரண்டே வருடத்தில் இந்தக் கோட்டை மண்ணோடு மண்ணானது.

பெண்ணைக்கரை சார், கப்பலில் இருந்து அடித்தார்களா என்று கேட்டீர்கள். இல்லை. இந்தக் கோட்டையின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள அதுதான் சரியான கேள்வி என்று நினைக்கிறேன். கடலைப் பார்த்துக் கட்டிய கோட்டையை எப்போதும் நிலத்துப் பக்கம் இருந்துதான் தாக்கினார்கள். 1758 ஏப்ரல் கடைசியில் லாலி பிரெஞ்சுப் படையோடு புதுச்சேரியில் இறங்கினார். உடனே கடலூரை நோக்கிப் படை நடந்தது. நகரம் மே தொடக்கத்திலேயே பணிந்தது. ஜூன் 2ஆம் தேதி கோட்டையும் சரணடைந்தது. சுமார் ஒரு மாதம், அவ்வளவுதான்.

அப்படியானால் கடலின் பங்கு என்ன? ஆங்கிலேயக் கப்பற்படை போகாக் என்பவர் தலைமையில் அந்தக் கரையிலேயே இருந்தது. ஏப்ரல் 29இல் கடலூருக்கு எதிரே பிரெஞ்சுக் கப்பல்களோடு மோதவும் செய்தது. அதன் பிறகு அது வடக்கே ஒதுங்கிவிட்டது. மே மாதம் தென்மேற்குக் காற்று தொடங்கும், கடல் நீரோட்டமும் வடக்கு நோக்கி இழுக்கும். பாய்மரக் கப்பல் சென்னைப் பக்கம் இருந்து தெற்கே கடலூருக்கு வருவது படாத பாடு. கோட்டை விழுகிறவரை அவர்களால் உதவிக்கு வந்து சேர முடியவில்லை.

கடலூர் முதுநகர் (இப்போது ஓசூர்) எழுதியது:

டீச்சர் சொல்வது எங்கள் மீனவர் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. தென்றல் காலத்தில் கடல் தண்ணீர் வடக்கே ஓடும், வாடைக் காற்றில் தெற்கே ஓடும். எதிர்த்துப் போனால் டீசல்தான் செலவாகும். பாய்மரத்துக்கு அந்த டீசலும் கிடையாதே.

இன்னொன்று. அந்தக் காலத்தில் இந்தக் கரையில் பெரிய கப்பல் ஒதுங்க இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்திலேயே நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கும் ஆளும் அலையைத் தாண்டி வர மசூலா படகுதான். பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்திருப்பார்கள், அலை அடித்தால் வளைந்து கொடுக்கும், உடையாது. அதை ஓட்டியவர்கள் எங்கள் கரை ஆட்கள். அவர்கள் இல்லாமல் எந்தக் கம்பெனியும் ஒரு மூட்டைத் துணியைக்கூட ஏற்றியிருக்க முடியாது.

புயல் வந்தால் அந்தத் திறந்த கடலில் நிற்கும் கப்பல்களுக்குக் கதியே இல்லை. 1749 ஏப்ரலில் இதே கோட்டைக்கு எதிரே 'நமூர்' என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பல் புயலில் மூழ்கி 500 பேருக்கு மேல் இறந்தார்கள். 'பெம்ப்ரோக்' என்ற இன்னொரு கப்பலும் போனது. சண்டையில் இல்லை, வெறும் காற்றில். சில்வர் பீச்சில் நின்று பார்க்கும்போது அந்தத் தண்ணீருக்குள் அத்தனை உயிர் கிடக்கிறது என்ற நினைப்பு எனக்கு வரும்.

துர்கம் (ராயக்கோட்டை) எழுதியது:

திப்பு பற்றிச் சொன்னது தவறு, ஒப்புக்கொள்கிறேன் டீச்சர். ஆனால் என் முதல் கேள்வி அப்படியே இருக்கிறது. பிரெஞ்சுக்காரன் கோட்டையை ஆங்கிலேயன் உடைத்தான், ஆங்கிலேயன் கோட்டையைப் பிரெஞ்சுக்காரன் உடைத்தான். இதில் பாராமகால் எங்கே வருகிறது?

தகடூரான் (தருமபுரி) எழுதியது:

வருகிறது தம்பி, நன்றாகவே வருகிறது. நான் சொல்கிறேன்.

முதலில் பாராமகால் என்றால் என்ன என்று தெரியாத இளையவர்களுக்காக: கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர்ப் பக்கங்களைச் சேர்த்துப் பன்னிரண்டு கோட்டைகளின் நாடு என்று சொன்னார்கள். மைசூர்ப் பீடபூமியில் இருந்து கீழே கர்நாடகச் சமவெளிக்கு இறங்குகிறவர்களுக்கு இது நடுப்படி. ஹைதர் அலி இதைத் தன் கையில் வைத்திருந்தார். சென்னையையோ கடலூரையோ அடிக்க வேண்டுமானால் அவர் இந்தப் படியில் கால் வைத்துத்தான் இறங்க வேண்டும்.

1767இல் ஆங்கிலேயர்கள் முந்திக்கொண்டு மேலே வந்தார்கள். பெண்ணைக்கரை அண்ணாவின் காவேரிப்பட்டணத்தைப் பிடித்தார்கள். கிருஷ்ணகிரியை முற்றுகை போட்டார்கள், மலை மசியவில்லை. ஆகஸ்டில் ஹைதர் இறங்கி வந்து காவேரிப்பட்டணத்தைத் திரும்பப் பிடித்தார். செப்டம்பர் தொடக்கத்தில் செங்கம் கணவாயில் பெரிய சண்டை. அடுத்த வருடம் 1768இல் கிருஷ்ணகிரி ஆங்கிலேயரிடம் பணிந்தது. 1769இல் ஹைதர் சென்னை வாசல் வரை போய் நின்று சமாதானம் எழுதவைத்தார், கிருஷ்ணகிரி திரும்ப மைசூருக்கே வந்தது.

அப்புறம் 1780 ஜூலை. அதே செங்கம் கணவாய் வழியாக ஹைதரின் பெரும்படை இறங்கியது. 1781 பிப்ரவரியில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட், கப்பலில் வரும் உணவை நம்பிக் கடலூருக்கு வந்து மாட்டிக்கொண்டார். நிலத்துப் பக்கம் முழுக்க ஹைதர். கடலில் பிரெஞ்சுக் கப்பற்படை. இரண்டும் இன்னும் கொஞ்ச நாள் சேர்ந்து நின்றிருந்தால் கூட்டின் படை பட்டினியிலேயே முடிந்திருக்கும். பிரெஞ்சுத் தளபதி என்ன நினைத்தாரோ, நங்கூரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கூட் பிழைத்தார், ஜூலை 1ஆம் தேதி பரங்கிப்பேட்டையில் ஹைதரைத் தோற்கடித்தார். டீச்சர் சொன்னதையே நானும் சொல்கிறேன். நிலத்தில் இருந்து நெருக்குகிறார்கள், கடலில் கப்பல் இருந்தால் பிழைக்கிறார்கள், இல்லாவிட்டால் விழுகிறார்கள்.

1782 ஏப்ரலில் பிரெஞ்சுக்காரர்கள் மைசூர்ப் படையின் துணையோடு கடலூரைப் பிடித்தார்கள். அந்த டிசம்பரில் ஹைதர் சித்தூர் பக்கம் இறந்தார். 1783 ஜூனில் ஆங்கிலேயர்கள் கடலூரைச் சுற்றி வளைத்தார்கள். உள்ளே பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி, கடலில் பிரெஞ்சுக் கப்பற்படைத் தளபதி சஃப்ரன். ஜூன் 13இல் நிலத்தில் கடும் சண்டை, 20இல் கடலில் சண்டை. மாதக் கடைசியில் ஒரு செய்தி வந்தது: ஐரோப்பாவில் இரண்டு நாடுகளும் ஜனவரியிலேயே சமாதானத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டன. செய்தி கடல் தாண்டி வர ஐந்து மாதம். அந்த ஜூனில் செத்தவர்கள் எல்லோரும் முடிந்துபோன சண்டையில் செத்தவர்கள். அவர்களில் நம் சிப்பாய்கள் எவ்வளவு பேர்!

அந்தச் சமாதானத்தால் பிரெஞ்சுக்காரர்கள் திப்புவை விட்டு விலகினார்கள். 1784 மார்ச்சில் திப்புவும் மங்களூரில் சமாதானம் செய்துகொண்டார். எட்டு வருடத்தில், 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில், பாராமகால் முழுவதும் கம்பெனிக்குப் போனது. அலெக்சாண்டர் ரீட் நிர்வாகத்துக்கு வந்தார். அவருக்கு உதவியாக வந்த தாமஸ் மன்றோ எங்கள் தருமபுரியில் பல வருடம் இருந்தார். ரயத்துவாரி முறை, அதாவது விவசாயி நேராகச் சர்க்காருக்கு வரி கட்டுவது, இந்த மண்ணில்தான் பரிசோதிக்கப்பட்டது. கடற்கரையில் பீரங்கிக் குண்டால் நிலம் அளந்த அதே கம்பெனி, நூறு வருடம் கழித்து நம் ஊரில் வயல் வயலாக அளக்க வந்தது.

சிங்காரப்பேட்டை எழுதியது:

கணவாய் எங்கள் ஊருக்குப் பக்கம்தான். பெண்ணைக்கரை சார் கல்யாணம் முடிந்து வேனில் வந்தாரே, அந்தச் சாலைதான். ஹைதரின் பீரங்கி வண்டிகள் மாடு பூட்டி இறங்கியதும் அந்தப் பள்ளத்தில்தான். இப்போது புளி லாரியும் மாம்பழ லாரியும் இறங்குகின்றன. ஒரு கல்வெட்டோ பலகையோ கிடையாது.

துர்கம் (ராயக்கோட்டை) எழுதியது:

தகடூரான் அண்ணா, நன்றி. இது எனக்கு யாரும் சொல்லித்தராத பாடம்.

நானும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். 1791 ஜூலையில் ஆங்கிலேய மேஜர் கௌடி ராயக்கோட்டையைப் பிடித்தார். துர்கத்தின் மேல் கோட்டைக்குப் போகும் வழியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதை நேருக்கு நேர் ஏறிப் பிடிப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று. ஆனால் அதே வருடம் நவம்பரில் மாக்ஸ்வெல் என்ற கர்னல் கிருஷ்ணகிரியை இரவில் தாக்கியபோது கதை வேறு. அடிவாரத்துப் பேட்டையையும் கீழ்க்கோட்டையையும் பிடித்துவிட்டார்கள். ஓடுகிறவர்களின் பின்னாலேயே மேல்கோட்டை வாசலுக்குள் நுழைந்துவிடலாம் என்று ஏறினார்கள். கதவு மூடிக்கொண்டது. ஏணி வைத்தார்கள். மேலே இருந்தவர்கள் பாறைகளை உருட்டிவிட்டார்கள். ஏணிகள் நொறுங்கின, ஆட்கள் நசுங்கினார்கள். விடிவதற்குள் திரும்பிப் போய்விட்டார்கள். கடைசியில் கிருஷ்ணகிரி கம்பெனிக்குப் போனது உடன்படிக்கையில்தான். அந்த மலையில் ஏறிப் பிடித்து அல்ல.

அண்ணா, உங்கள் முதல் கேள்விக்கு இதிலேயே பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். தேவனாம்பட்டினத்தைப் பிடித்தவர்கள் அதை வைத்துக்கொள்ள விரும்பவில்லை. எதிரி திரும்ப வந்து அதைப் பயன்படுத்தக் கூடாது என்று தகர்த்தார்கள். செங்கல்லும் சுண்ணாம்பும்தானே, வெடி வைத்தால் போய்விடும். கிருஷ்ணகிரியைத் தகர்க்க வேண்டுமானால் மலையையே தகர்க்க வேண்டும்.

ஊத்தங்கரை டீச்சர் எழுதியது:

சரியாகச் சொன்னீர்கள் தம்பி. அதன் மறுபாதியையும் சொல்லிவிடுகிறேன். 1760இல் கூட் கடலூரைத் திரும்பப் பிடித்தார். 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது. அப்போது அந்த நகரத்தின் கோட்டை கொத்தளம் எல்லாவற்றையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். தேவனாம்பட்டினத்துக்குப் பழி. இன்றைக்குப் புதுச்சேரியில் நாம் பார்க்கும் பிரெஞ்சுத் தெருக்கள் அதற்குப் பிறகு எழுந்தவை.

இன்னும் ஒன்று மனதில் இருக்கிறது. லாலி 1758இல் கடலூருக்குப் புறப்பட்டபோது சுமை தூக்க ஆளும் மாடும் இல்லை. புதுச்சேரித் தெருக்களில் கிடைத்த ஆட்களை எல்லாம் பிடித்து மூட்டை தூக்கவும் பீரங்கி இழுக்கவும் வைத்தார். யார் என்ன தொழில், எந்தச் சாதி என்று பார்க்கவில்லை. ஊரே அவரை வெறுத்தது. அந்தக் கோட்டைக்கு முன்னால் சுட்டெரிக்கும் மே மாத மணலில் பீரங்கி இழுத்தது நெசவாளியும் வண்ணாரும் கடைக்காரரும்தான். கோட்டைக்குள் நிலத்தடிப் பாதையில் காது வைத்துக் கேட்டவர்களிலும் நம் ஆட்கள் இருந்திருப்பார்கள். கிளைவ், லாலி என்று பெயர் சொல்லி நடத்தினேன், இவர்களைப் பற்றிப் போதுமான அளவு வகுப்பில் பேசவில்லை. அதனால்தான் அந்தச் செங்கல் மிச்சத்தை யாரோ வெள்ளைக்காரனுடையது என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. அதை அறுத்ததும் சுட்டதும் அடுக்கியதும் நம் கைகள்.

கடலூர் முதுநகர் (இப்போது ஓசூர்) எழுதியது:

டீச்சர், பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது என் மகளைக் கூட்டிக்கொண்டு அந்த இடத்துக்குப் போகிறேன். இருபது வருடத்துக்குப் பிறகு. யாராவது கூட வந்தால் வீட்டில் தங்கலாம், மீன் குழம்பு அம்மா பார்த்துக்கொள்வார்.

பெண்ணைக்கரை (காவேரிப்பட்டணம்) எழுதியது:

தம்பி, நான் வருகிறேன். இந்த முறை குண்டு உப்பலவாடியில் தொடங்கித் தாழங்குடா முகத்துவாரம் பார்த்துவிட்டு அப்புறம் கோட்டைக்குப் போவோம். ஆறு கடலில் சேரும் இடத்தை நான் இதுவரை பார்த்ததில்லை.

அதற்கு முன்னால், வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்குச் சையத் பாஷா மலை அடிவாரத்தில் சந்திக்க விருப்பம் உள்ளவர்கள் வாருங்கள். வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிட வேண்டும். ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர் கொண்டுவாருங்கள், காலிப் பாட்டிலைத் திரும்ப எடுத்து வந்துவிடுவோம். துர்கம் தம்பி, மாக்ஸ்வெல் ஆட்கள் ஏணி வைத்த வாசல் எதுவென்று நீங்கள்தான் காட்ட வேண்டும்.

துர்கம் (ராயக்கோட்டை) எழுதியது:

வருகிறேன் அண்ணா. சாக்குப் பை நான்கு எடுத்து வருகிறேன், வழியில் கிடக்கும் பாட்டில்களையும் பொறுக்கிவிடலாம்.